ஓரம் இல்லாத தாள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பாவும் நலம். காது மட்டும் அவருக்கு வேண்டியதைத்தான் கேட்கிறது. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், எழுதிக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். சரி, எழுதுகிறேன். எழுத்திலும் கத்தலாம் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை வந்தது. இனி என்னைப் போல் மையங்களில் வகுப்பெடுக்கும் ஆலோசகர்கள் மாணவர்களின் அசைன்மென்டில் கையால் எதுவும் எழுத வேண்டாமாம். ஒரு கையேடு வருமாம். அதில் எண் போட்ட கருத்துரைகள் இருக்குமாம். பொருத்தமான எண்ணைக் கட்டத்தில் நிரப்பினால் போதும், தலைமையகத்தில் அச்சடித்து மாணவருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மையத்தில் புதுத் தாள்களைக் கொடுத்தார்கள். நான்கு பக்கமும் விளிம்பு வரை கட்டங்கள். என் வகுப்பில் படிக்கும் பஸ் கண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், டிக்கெட் மாதிரி இருக்கு? ஓரமே காணோம். இனிமே என்னை எங்க வெச்சுத் திட்டுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

வாரம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குக் கணக்கு. ஞாயிறு அதே கட்டடத்தில், அதே சின்ன பெஞ்சுகளில், முழங்கால் இடிக்க இடிக்க உட்காரும் பெரியவர்களுக்குக் கணக்கு. எனக்குப் பிடித்தது ஞாயிறுதான். இந்த முறை ஒரு நர்ஸ் வருகிறாள். வயிறு பெரிதாகிவிட்டதால் பெஞ்சில் பக்கவாட்டில்தான் உட்கார முடிகிறது. நேரத்துக்கு அசைன்மென்ட் தர முடியவில்லையே என்று போன மாதம் அழுதாள். தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: "குழந்தை பிறக்கட்டும். கணக்கு எங்கும் ஓடிவிடாது. நாம் இருவரும் இங்கேதான் இருப்போம்." அதை ஆஸ்பத்திரியில் தன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாளாம்.

உங்கள் கையேட்டில் இதற்கு என்ன எண்?

அப்பாவிடம் சொன்னேன். "அவன் அங்க பாடம் சொல்லித் தர்றானா, பார்சல் கட்டுறானா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நீ சொல். இந்த யோசனை எந்தப் புத்திசாலியுடையது?

இப்படிக்கு,
உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் புத்திசாலி நான்தான்.

உடனே கிழித்துப் போடாதே. மேலே படி.

கணிதத் துறை என்று கதவில் பலகை இருக்கிறது. உள்ளே மூன்று மேசைகள். ஒருவர் ஓய்வு பெறப்போகிறார்; மேசையை இப்போதே காலி செய்துவிட்டார். இன்னொருவர் நீண்ட விடுப்பு. மூன்றாவது நான். நானும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுகிறவன், நூலகப் புத்தகம் மாதிரி. எங்களுக்கு நாற்பதாயிரம் மாணவர்கள். ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவர் பாடம் எழுதுவார். இன்னொருவர் சரிபார்ப்பார். அது மொழி திருத்தும் அம்மாவிடம் போகும். அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். 'நான்' என்று வருமிடத்தையெல்லாம் 'நாம்' ஆக்குவார். பாடத்துக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. குழு. கேள்வித்தாள் வேறொருவர். பிறகு அச்சகம், கிடங்கு, மண்டல அலுவலகம், மையம். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆலோசகர்கள், நீங்கள். பாடம் எழுதுகிறவன் மாணவனைப் பார்ப்பதில்லை. மாணவனைப் பார்க்கிறவர் பாடம் எழுதுவதில்லை. இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

மையங்களில் திருத்திய தாள்களில் கொஞ்சம் நகலெடுத்து இங்கே அனுப்புவார்கள். ஒழுங்காகத் திருத்துகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. ஒரு மையத்தில் எல்லாத் தாளிலும் ஒரே சொல்: 'பார்த்தேன்.' இன்னொன்றில் டிக் மட்டும். ஒருவர் எழுதியிருந்தார்: 'உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?' தபாலில் வந்த அந்தத் தாளை ஒரு மனிதன் தன் வீட்டில் உட்கார்ந்து பிரித்திருப்பான். நினைத்துப் பார்.

அதற்காகத்தான் இது. கையேடு அச்சாகிக்கொண்டிருக்கிறது. கையில் வந்ததும் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அப்பாவிடம் சொல்: பார்சல் கட்டுகிறேன். நன்றாகக் கட்டுகிறேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 4

டேய்,

வந்தது.

சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்திருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இது நீ பேசுற மாதிரியே இருக்கே?"

எண் 12: 'இரண்டாவது வரியில் இருந்த கழித்தல் குறியை மூன்றாவது வரியில் காணவில்லை. போலீஸில் புகார் கொடுக்கலாமா?'

எண் 19: 'கையெழுத்து அழகாக இருக்கிறது. விடையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.'

எண் 26: 'தெரிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கேட்டதை எழுதவில்லை.'

எல்லாம் என்னுடையவை. வரிக்கு வரி. ஒழுங்காகத் திருத்துகிறேனா என்று பார்க்க எடுத்த நகலிலிருந்து பொறுக்கியிருக்கிறாய். அதுதான் அந்தச் சந்தோஷமா?

பன்னிரண்டை நான் எழுதியது கண்டக்டருக்கு. அடுத்த வாரம் அவர் வந்து, "டீச்சர், குறி கிடைச்சிடுச்சு. ஸ்டேஷன்லேர்ந்து கூப்பிட்டாங்க" என்றார். அவர் அப்படித் திருப்பிச் சொல்வார் என்று தெரிந்துதான் அதை எழுதினேன். என் முகத்தைப் பார்க்காத ஒருவனுக்கு அதை அச்சடித்து அனுப்பிப் பார். போலீஸ் என்ற சொல் மட்டும்தான் அவன் கண்ணில் படும்.

பிறகு 31. 'கணக்கு எங்கும் ஓடிவிடாது. வீட்டில் நல்லது நடக்கட்டும். நாங்கள் இங்கேதான் இருப்போம்.'

குழந்தையை எடுத்துவிட்டு நல்லது என்று போட்டிருக்கிறாய். நாம் இருவரும் என்பதை நாங்கள் ஆக்கியிருக்கிறாய். யாரப்பா இந்த நாங்கள்? கத்தரிக்கோலா? கிடங்குக்காரனா? மாணவன் முகத்தைப் பார்த்தே இராத நீயா?

சட்டையைக் கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேன். நீ அளவெடுத்துக்கொண்டு போய் நாற்பதாயிரம் தைத்திருக்கிறாய்.

என் வாக்கியங்களை எடு. ஒன்று விடாமல்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

எடுக்க மாட்டேன்.

உன்னிடம் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்த நகல்கள் கட்டுக்கட்டாக வரும். முதல் வருடம் இந்த அறையில் எனக்குப் பேச ஆள் இல்லை. உன் மையத்துக் கட்டு வந்தால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்வேன். மற்றதையெல்லாம் முடித்துவிட்டு அதைப் பிரிப்பேன். நீ வேறு யாருக்கோ எழுதியதைப் படித்துச் சிரிப்பேன். எனக்கு நீ அப்படி எழுதியதில்லை. எனக்கு எழுதுவதெல்லாம் 'அப்பாவுக்கு மருந்து', 'எப்போது வருகிறாய்'.

நல்லதை நல்லது என்று எடுத்தேன். குழுவில் வாசித்தபோது யாரும் குறுக்கே பேசவில்லை. இயக்குநர்கூடச் சிரித்தார். அவர் சிரிப்பதை இங்கே யாரும் பார்த்ததில்லை. எதைப் போட்டாலும் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்வதால் அவரைத் தபால்பெட்டி என்போம்.

பெயர் போடவில்லை என்பதுதான் உன் கோபமென்றால் அது நியாயம் இல்லை. நான் எழுதிய பாடங்களிலும் என் பெயர் இல்லை.

உனக்கு ஒரு வகுப்பறை நிறைய ஆட்கள். அவர்களுக்கு நீ கிடைத்தாய், அதிர்ஷ்டம். மற்ற மையத்துக்காரன் என்ன பாவம் செய்தான்? 'பார்த்தேன்' என்ற ஒரு சொல்லோடு அவன் வாழ்ந்துவிட்டுப் போகட்டுமா? உன் வாசலில் விழும் மழையை உன் மழை என்கிறாய். நீ கெட்டிக்காரி. சுயநலக்காரியும்கூட.

இதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதம் பெறப்பட்டது.

4.
19.
26.

இப்படிக்கு,
ஆலோசகர்


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது, விடையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், கேட்டதை எழுதவில்லை.

சிரித்தேன். ஓய்வு பெறப்போகும் பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார். சொல்ல முடியவில்லை. பிறகு சிரிப்பு வரவில்லை.

சுயநலக்காரி என்று எழுதியது தப்பு. மழை பற்றி எழுதியது தப்பில்லை.

வேலை தொடங்கிவிட்டது. மையங்களிலிருந்து எண்கள் வருகின்றன. இயந்திரம் கருத்துரையை அச்சடித்து, மடித்து, முகவரி ஒட்டித் தள்ளுகிறது. எண் நிரப்பாமல் வந்தால் அதுவே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். தாமதமாக வந்த தாள் என்றால் 31. அதைவிடக் கனிவான வரி கையேட்டில் இல்லை என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு செய்தி. தொலைவில் ஒரு மையத்தில் படிக்கும் காவலாளி ஒருவர் தலைமையகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் தன் தாளைப் பார்த்து யாரோ பேசியிருப்பது இதுதான் முதல் தடவையாம். 'அந்த ஐயாவின் பெயர் என்ன? நேரில் பார்த்து வணங்க வேண்டும்' என்று கேட்டிருக்கிறார். உன்னைத்தான் ஐயா என்கிறார்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன பதில் போட? குழு என்றா?

அவருக்காகவாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

இதை நிதானமாக எழுதப்போகிறேன். கத்தினால் உனக்குக் கேட்காது.

நர்ஸின் குழந்தை இறந்துவிட்டது. எட்டாவது மாதம். வயிற்றிலேயே. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். போன் செய்தாள், போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. வார்த்தை இல்லாத இடம் அது. அதனால் உன் கையேட்டிலும் இருக்காது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, படுத்தே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பாதியில் நின்ற அசைன்மென்டை எழுதி முடித்திருக்கிறாள். என்னிடம் கொடுக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று தபாலில் நேரே உங்களுக்கே அனுப்பியிருக்கிறாள். தாமதம். எண் இல்லை.

நேற்று முன்தினம் ஞாயிறு. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. ஒரு தாளை நீட்டினாள்.

"மிஸ், இத நீங்களா எழுதினீங்க?"

வாங்கிப் பார்த்தேன். கணக்கு எங்கும் ஓடிவிடாது. வீட்டில் நல்லது நடக்கட்டும்.

"நான் எழுதலம்மா."

"உங்க வார்த்தைதானே மிஸ். அப்ப பேனாவுல எழுதினீங்க. இப்ப அச்சுல இருக்கு. அவ்வளவுதானே?"

"இல்லம்மா..."

"நல்லது நடக்கட்டும்னா என்ன அர்த்தம் மிஸ்? உங்களுக்குத் தெரியாதா? நீங்க வந்தீங்களே. கூடவே இருந்தீங்களே. அப்புறம் எப்படி இதைப் போட மனசு வந்துச்சு?"

கண்டக்டர் எழுந்து வந்தார். "தங்கச்சி, அது டீச்சர் எழுதல. மிஷின் போடுறது."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மிஷினுக்கு எப்படிண்ணே இவங்கள மாதிரியே பேச வருது?"

வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். "என் தம்பி சொல்லிக் குடுத்தான்மா. என் கூடப் பிறந்தவன். அங்கதான் வேலை பார்க்கிறான்."

அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான்காக மடித்தாள். போய்விட்டாள். எதற்காக வாங்கிக்கொண்டு போனாள் என்று இன்னும் புரியவில்லை. கிழித்துப் போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மற்ற மையத்துக்காரன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டாயே. ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கு ஒரு நல்ல ஆசிரியரைப் போடு. ஆள் போடக் காசில்லை என்றால் காசில்லை என்று சொல். என் குரலை வெட்டி ஒட்டி, ஆள் இருப்பதுபோல் காட்டாதே. 'பார்த்தேன்' என்று எழுதினானே, அவனாவது பார்த்தான்.

எங்கள் வீட்டையும் நீ இப்படித்தான் நடத்துகிறாய். அவ்வப்போது பாடம் வரும். அவ்வப்போது மருந்துப் பெட்டி வரும். ஆள் வராது.

என் வாக்கியங்களை எடு. இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்திருக்கக் கூடாது.

படித்தவுடன் இயந்திரம் இருக்கும் அறைக்குப் போனேன். 31 ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றார்கள். இயக்குநரிடம் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார். "31ஐ மாத்திடலாம். வேற?"

"இன்னும் நிறைய வரிகளை எடுக்கணும் சார். எழுதினவங்க ஆட்சேபிக்கிறாங்க."

"யார் எழுதினது?"

சன்னலுக்கு வெளியே கிடங்கு வாசலில் பார்சல்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு ஆலோசகர் சார்."

"ஆலோசகர் எழுதுறதுக்குத்தானே நாம அவங்கள வெச்சிருக்கோம்? தாள் நம்ம தாள். மை மட்டும்தான் அவங்களோடது."

அவர் மேசையில் என் கோப்பு இருந்தது. அடுத்த ஆண்டுக்கான புதுப்பிப்பு. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

31 இப்போது இப்படி இருக்கிறது: 'தாமதமாகப் பெறப்பட்டது. மதிப்பெண் குறைக்கப்படலாம்.' மற்றவை அப்படியே இருக்கின்றன.

என்னைத் தெரிந்தவள் நீ. எனவே விளக்கம் சொல்லவில்லை.

அந்த நர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கையால். இத்துடன் வைத்திருக்கிறேன். பலமுறை கிழித்துவிட்டு எழுதியது. பேனாவை எடுத்தால் 'நாம்' வருகிறது, 'தங்களுக்கு' வருகிறது. பாடம் எழுதியே பழகிவிட்டது. நாற்பதாயிரம் பேருக்கு எழுதத் தெரிகிறது. ஒருத்திக்கு எழுத வரவில்லை. முடிந்த வரை எழுதியிருக்கிறேன். நீ படித்துப் பார். தப்பு இருந்தால் சொல். பிறகு அவளிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
தம்பி


மே 15

தம்பிக்கு,

நர்ஸுக்கு நீ எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். படித்துப் பார்க்கச் சொன்னாய். தப்பு இருந்தால் சொல்லச் சொன்னாய். என் மாணவர்களுக்கு எழுதுவதுபோல் உனக்கு எழுதியதில்லை என்று ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டாயே. எழுதுகிறேன்.

'நடந்த தவறுக்கு வருந்துகிறோம்.' எத்தனை பேர் வருந்துகிறீர்கள்? உன்னைத் தவிர இன்னொருவர் பெயர் சொல்.

'தங்களுக்கு ஏற்பட்ட இழப்பு.' குழந்தை என்று எழுது. பெண் குழந்தை. அவள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை உனக்குச் சொல்ல மாட்டேன்.

'அமைப்பில் இருந்த குறைபாட்டின் காரணமாக.' குறைபாடா? எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தாள் தாமதமாக வந்தது, எண் இல்லை, நீ தேர்ந்தெடுத்த வரி போனது. நீ கட்டியபடியேதான் அது வேலை செய்தது.

'நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டது.' யாரால்? வினைக்கு ஆள் எங்கே?

'தொடர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.' இந்தக் கடிதத்தில் முதல் தடவையாகத் தனியாக வருகிறாய். வந்ததும் அவளிடம் ஒன்று கேட்கிறாய்.

'எனக்கும் ஒரு அக்கா இருக்கிறார்.'

இந்த வரியை இயக்குநரின் அறையில் சொல்லியிருக்க வேண்டும்.

அவ்வளவுதான் திருத்தம். மதிப்பெண் போடவில்லை.

இதை அவளிடம் கொடுக்கப்போவதில்லை. திரும்ப எழுதி அனுப்பவும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. உனக்குத்தான் ஏதாவது எழுதி அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டால் உனக்கு வேலை முடிந்தது.

இயக்குநர் கையெழுத்துப் போட்ட கோப்பை வாங்கிக்கொண்டு வந்ததற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. பயம் எனக்கும் தெரியும். வேலை போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். "ஒரு ஆலோசகர்" என்றாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. நான் உன்னை ஒரு வகுப்பறை ஆட்கள் முன்னால், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே, என் தம்பி என்றேன். சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் சொன்னேன். உனக்கு ஒரே ஓர் ஆளிடம் சொல்ல வரவில்லை.

மண்டல அலுவலகத்துக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறே என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். மரியாதையானவர். எண்களைப் பிழையில்லாமல் நிரப்புகிறாராம். கண்டக்டர் வந்து சொன்னார். "ரொம்ப நல்ல மனுஷன் டீச்சர், திட்டவே மாட்டேங்கிறாரு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நின்றார்.

அந்தக் காவலாளிக்கு நீ பதில் போட வேண்டாம். முகவரியை அனுப்பு. நான் போட்டுக்கொள்கிறேன். ஐயா இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். சண்டை என்று தெரியும், எதற்கென்று கேட்கவில்லை. "ரெண்டு பேரும் வாத்தியாருங்க, எவன் வாயை மூடுவான்" என்று மட்டும் சொன்னார். அவரைப் பார்க்க வா. நான் தடுக்கவில்லை. சமைத்துப் போடுவேன். பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

ஆனால் ஞாயிறு காலையில் வராதே. அந்த நர்ஸ் இங்கே, வீட்டுக்கு வருகிறாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். கணக்குப் போடுவாளா மாட்டாளா தெரியாது. போன வாரம் பென்சிலைச் சீவிக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அந்த நேரத்தில் நீ வந்து கதவைத் தட்டினால், யார் மிஸ் இது என்று கேட்பாள்.

நான் பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா